ஆறு கிலோ நூறு

மார்ச் 3

தையல்ராணிக்கு உன் நாத்தனார் எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைக்கிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். எங்கள் டாக்டரம்மாவுக்கு, மேலே 'சொந்த விஷயம்' என்று எழுதி நீ அனுப்பிய உறையை நான் பிரித்துப் படித்துவிட்டேன். ஆவியில் காட்டினால் பசை விட்டுவிடும் என்று யாரோ சொன்னார்கள். கத்திரி, இடுக்கி எல்லாம் கொதிக்கவைக்கிற பாத்திரத்துக்கு மேலே பிடித்தேன். பசை விடவில்லை. உறை கிழிந்தது. பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறேன். பார்த்தால் உறை எங்கேயோ விழுந்து அடிபட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது.

இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற தபாலை வாங்கிவைப்பது நான்தான் என்று உனக்குத் தெரியாது போல. கடைசி வரியில் 'என் நாத்தனாருக்குத் தெரிய வேண்டாம்' என்று எழுதியிருக்கிறாய். அதை முதல் வரியில் எழுதியிருந்தால் அதோடு நிறுத்தியிருப்பேன். பொய். நிறுத்தியிருக்க மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குண்டுமணி பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு. ஒன்றரை மாதத்தில் நாலு கிலோ. மூன்றரை மாதத்தில், நீங்கள் ஊரை விட்டுப் போவதற்கு முந்தின வாரம், ஆறு கிலோ நூறு. மூன்றும் எடை அட்டையில் இருக்கிறது, கடைசி இரண்டும் என் கையெழுத்து. இப்போது ஐந்து மாதத்தில், அந்த ஊர் ஆஸ்பத்திரியில் அதே ஆறு கிலோ நூறு. ஒன்றரை மாதமாக ஒரு கிராம்கூட ஏறவில்லை, அதனால் இங்கே எடை எடுத்ததில் ஏதாவது தப்பு இருக்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்கிறாய். என்னைக் கேட்கவில்லை. பதினோரு வருஷமாக இந்தத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவளைக் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தானே, இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தாயோ?

எனக்குத் தெரிந்ததைக் கேள். அங்கே பால் குடித்த பிறகு எடை எடுத்தார்களா, குடிக்கும் முன்னாலா? முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு வைத்தார்களா? பிள்ளை காலை உதைத்தால் முள் ஆடும், ஆடி நிற்கும்வரை பொறுத்தார்களா? இதையெல்லாம் பார். தராசுக்காரிகளில் எல்லாரும் என்னை மாதிரி இருக்க மாட்டார்கள்.

என் தம்பி அங்கே துறைமுகத்தில் டன் டன்னாகக் கிரேனில் தூக்குகிறவன். நானூறு ஐந்நூறு கிராமுக்கு அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அலைய வேண்டாம் என்று சொல்.

குண்டுமணிக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.

மார்ச் 9

அண்ணி,

என் கடிதத்தை டாக்டரம்மாவிடம் கொடுத்தீர்களா? நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தில் அது மட்டும் இல்லை.

போன் செய்யாதீர்கள். போனில் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சிரித்துவிடுவேன், விஷயம் அப்படியே போய்விடும். எழுத்தில் பதில் வேண்டும்.

நீங்கள் கேட்டதையெல்லாம் பார்த்துவிட்டேன். முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு நூல்கூட உடம்பில் இல்லாமல் வைத்தார்கள். ஆடி நின்ற பிறகுதான் படித்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். ஆறு கிலோ நூறுதான்.

இங்கே இருக்கும் டாக்டர் வயதானவர், கை சுத்தமானவர், அவசரம் இல்லாமல் பார்க்கிறார். உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார். கண்ணில் வெளிச்சம் அடித்தார். இரண்டு தொடையையும் விரித்து இடுப்பு மூட்டு சரியா என்று பார்த்தார். கையைப் பிடித்து மெதுவாகத் தூக்கினார், தலை பின்னால் தொங்காமல் கூடவே வந்தது. சிரித்தாள். குப்புற விழுகிறாள், அவர் கழுத்தில் தொங்கிய குழாயை எட்டிப் பிடித்து இழுத்தாள். தலைச் சுற்றளவு, நீளம் இரண்டும் வயசுக்குச் சரி என்று அவர் வாயாலேயே சொன்னார். அதற்குப் பிறகு அட்டையைப் பார்த்தார். அப்புறம் குழந்தையைப் பார்க்கவே இல்லை, அட்டையை மட்டும்தான் பார்த்தார். மூன்றரை மாதப் புள்ளியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டார். அங்கிருந்து இன்றைய புள்ளிக்கு ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு படுத்துக்கொண்டிருக்கிறது.

"தாய்ப்பால் பத்தலம்மா," என்றார்.

உங்கள் தம்பி அன்று லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "நீ மிஷின்ல உக்காந்தா பிள்ள ஞாபகமே வராதுல்ல?" மறுநாள் என் தையல் மிஷினுக்கு மேலே துணியைப் போட்டு மூடிவிட்டார்.

இரண்டு தடவை ரத்தம் எடுத்திருக்கிறார்கள். குதிகாலில் குத்தி. இப்போது பாட்டில். அவள் பாட்டிலைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். வாயில் வைத்து அழுத்தினால் பாதி கழுத்தில் வழிகிறது, மீதி வாந்தி.

நான் அளவு எடுத்துப் பிழைக்கிறவள், அண்ணி. அவளுக்குத் தைக்கிற ஒவ்வொரு கவுனுக்கும் அளவை நோட்டில் எழுதிவைப்பேன். ஜனவரியில் நெஞ்சுச் சுற்றளவு முப்பத்தொன்பது, இப்போது நாற்பத்தொன்று. ஜனவரியில் தைத்த கவுனில் கை நுழையவில்லை. வளராத பிள்ளைக்குக் கவுன் எப்படிச் சின்னதாகும்? இதை அந்த டாக்டரிடம் சொன்னேன். "துணி சுருங்கியிருக்கும்," என்றார்.

கடிதத்தைக் கொடுங்கள்.

மார்ச் 15

தையல்ராணிக்கு,

கோபத்தில் நீ எழுதுகிற கையெழுத்து நன்றாக இருக்கிறது, அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை. என்னுடையதைப் பார், கோழி நடந்த மாதிரி.

டாக்டரம்மா லீவில் இருக்கிறார். வந்ததும் கொடுக்கிறேன். உறையைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

துணி சுருங்கியிருக்கும் என்று சொன்னவரிடம், உன் துணி சுருங்காது, நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்டுவாய் என்று சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். வெளியில் யார் முன்னாலும் வாயைத் திறக்க மாட்டாய். எல்லாவற்றையும் சேர்த்துவைத்து எனக்கு எழுதுவாய்.

என் தம்பி மிஷினை மூடினான் என்று படித்ததும் அவன் காதைத் திருகவேண்டும் போல இருந்தது. சின்ன வயதில் நான் திருகினது போதவில்லை. பால் பத்தவில்லை என்றால் பிள்ளை இப்படிச் சிரித்துக்கொண்டு டாக்டர் குழாயைப் பிடித்து இழுக்குமா? பசித்த பிள்ளை அழும், இல்லாவிட்டால் சுருண்டு கிடக்கும். ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கிறாள்? ஆறுக்கு மேலே என்றால் உள்ளே போகவேண்டியது போகிறது என்று அர்த்தம். எங்கள் டாக்டரம்மா சொல்வார், அட்டையில் அச்சடித்த எந்தக் கோட்டில் எடை இருக்கிறது என்று பார்க்காதே, அதே கோட்டோடு கூடவே போகிறதா என்று பார் என்று. சில பிள்ளைக்கு மேல் கோடு, சில பிள்ளைக்குக் கீழ்க் கோடு. அவரவர் பாதையில் போனால் சரி.

ஆனால் நம்ம குண்டுமணி பாதை மாறியிருக்கிறாளே என்பாய். எனக்கும் அதுதான் புரியவில்லை. அன்றைக்கு நானேதான் படித்தேன். காலையில் ஒரே குளிர், கை விறைத்துப்போயிருந்தது, இருந்தாலும் முள் ஆறு நூறில்தான் நின்றது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ வெளியே ஊர் மாறுவதற்கான தாளை நிரப்பிக்கொண்டிருந்தாய்.

பாட்டிலை வற்புறுத்தாதே. அவன் என்ன சொன்னாலும் பரவாயில்லை, அவன் என்ன பால் குடிக்கிற பிள்ளையா.

மார்ச் 19

அண்ணி,

நேற்று முன்தினம் எடை பார்த்தார்கள். ஆறு கிலோ நூற்றைம்பது. மூன்று வாரத்தில் ஐம்பது கிராம். இந்தத் தடவை அது பொய்யில்லை என்று எனக்கே தெரியும். பாட்டிலும் வேண்டாம் என்கிறாள், பாட்டிலுக்குப் பயந்து என்னிடம் வரவும் யோசிக்கிறாள். நான் கிட்டே வந்தாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள்.

முப்பதாம் தேதி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஊட்டுவார்களாம். குடலுக்குள் என்ன கோளாறு என்று பார்ப்பார்களாம். உங்கள் தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒரே ஒரு கேள்வி. அன்று குளிர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தராசின் தொட்டி தகரம். குளிரில் அவள் எதன்மேல் படுத்திருந்தாள்?

மார்ச் 24

இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உள்ளே இன்னொரு தாள் இருக்கிறது, டாக்டரம்மா கையெழுத்தும் முத்திரையும் போட்டது. முதலில் அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. இதை அப்புறம் படி.

போய்விட்டு வந்துவிட்டாயா?

கம்பளி மேலே படுத்திருந்தாள். எடைக்கு வரும் பிள்ளைகளை இறக்கிவைக்கிற பெஞ்சில் ஒரு பழுப்புக் கம்பளி கிடக்கும், அது. யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது, "கழட்டும்மா, எல்லாத்தையும் கழட்டு, சாக்ஸையும்தான்." தொட்டியில் ஒரு கைக்குட்டை போட்டால்கூட முதலில் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவேன். அன்றைக்கு முள்ளைச் சரிபண்ணி முடித்துவிட்டேன். நம்ம குண்டுமணியைத் தூக்கினேன். தொட்டியைத் தொட்டால் சுரீர் என்றது. என் தம்பி பிள்ளையை இதில் படுக்கவைப்பதா என்று கம்பளியை நாலாய் மடித்து உள்ளே போட்டேன், அவளை மேலே வைத்தேன். கொஞ்சினேன். படித்தேன். எழுதினேன். முள்ளைத் திரும்ப இறக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. ஆறு நூறு என்றதும் எனக்கு ஒரே பெருமை. நாலு பேரிடம் சொன்னேன். அடுத்த பிள்ளைக்குக் கம்பளியை எடுத்துவிட்டேன்.

உன் கேள்வியைப் படித்துவிட்டுக் கம்பளியை மடித்துத் தராசில் வைத்தேன். அறுநூறு கிராம். குண்டுமணி அன்றைக்கு ஐந்தரைக் கிலோ.

பொய் சொல்லமாட்டேன். உன் கேள்விக்கு முன்னாலேயே எனக்குச் சந்தேகம். நீ கவுன் கணக்கு எழுதினாயே, அன்றிலிருந்து. டாக்டரம்மா லீவில் போகவே இல்லை. ஒவ்வொரு நாளும் உறையை எடுத்து அவர் அறை வாசல்வரை போவேன், திரும்பிவிடுவேன். இந்த ஆஸ்பத்திரியில் நான் தரை துடைக்கத்தான் வந்தேன். தராசு அப்புறம் கிடைத்தது. எழுதப் படிக்கத் தடவுகிறவளை நம்பி எடை எழுதுகிற புத்தகத்தைக் கொடுத்தார்கள். அது போய்விடுமே என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீ அங்கே பிள்ளை வாயில் பாட்டிலை அழுத்திக்கொண்டிருந்தாய்.

நேற்று உள்ளே போனேன். உறையைக் கொடுத்தேன். பிளாஸ்திரியைப் பார்த்தார், உரித்தார். படித்தார். கம்பளி விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தனை பிள்ளைங்களுக்குக் கம்பளி போட்டீங்க?"

"ஒண்ணே ஒண்ணுக்குத்தாம்மா."

"உங்க வீட்டுப் பிள்ளைக்கு."

"ஆமா."

"மத்த பிள்ளைங்களுக்குக் குளிராதா?"

"குளிரும்மா. கழட்டச் சொன்னா கழட்டிடுவாங்க. இது நம்ம பிள்ள, கழட்டச் சொல்லவும் நான்தான், கழட்டவும் நான்தான். அதான் வினை."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தள்ளவில்லை. அந்த மாதம் எடை எடுத்த எல்லாப் பிள்ளைகளையும் திரும்ப வரச்சொல்லுங்கள் என்றார். நாற்பத்து மூன்று பேர். மற்ற எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று சத்தியம் பண்ணுகிறேன். யார் கேட்கிறார்கள்? உன் பிள்ளை ஒருத்திக்குப் பாசம் காட்டப்போய் நாற்பத்து மூன்று அம்மாக்களிடம் திட்டு வாங்கப்போகிறேன்.

தராசை இன்றைக்குப் புதிதாக வந்த நர்சுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு என்ன வேலை என்று திங்கட்கிழமை சொல்வார்களாம்.

உன்னிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. திட்டவேண்டுமென்றால் பக்கத்துக்குப் பக்கம் திட்டு. எல்லாவற்றையும் படிப்பேன்.

ஏப்ரல் 10

அண்ணி,

பதின்மூன்று நாளாகப் பதில் எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

உங்கள் தபால் இருபத்தெட்டாம் தேதி வந்தது. அன்றே போனோம். உங்கள் தம்பியும் வந்தார். டாக்டர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த அட்டையை நம்பித்தானேம்மா இத்தனையும் பண்ணினோம்," என்றார் என்னிடம். நான்தான் கம்பளி போட்டது போல.

"அப்ப ரெண்டு தடவ ரத்தம் எடுத்தது?" என்று கேட்டார் உங்கள் தம்பி.

"முன்னெச்சரிக்கை."

"குழாய்?"

"அதுவும் முன்னெச்சரிக்கைதான்."

எனக்கு மேசையைப் புரட்ட வேண்டும் போல இருந்தது. நான்தான் வெளியில் வாயே திறக்காதவள் என்று எழுதியிருந்தீர்களே. அன்று திறந்தேன். "பழைய புள்ளிய அடிச்சிட்டு அஞ்சரையில புதுப் புள்ளி வைங்க. நான் பாக்கணும்," என்றேன். வைத்தார். பிறந்த நாள், ஒன்றரை, மூன்றரை, ஐந்து. நாலு புள்ளியையும் சேர்த்தால் அட்டையில் அச்சடித்திருக்கும் கீழ்க் கோட்டுக்குப் பக்கத்திலேயே, அதே வளைவில் போகிறது. கவுனுக்குக் கழுத்து வெட்டுகிறபோது கத்திரி போகிற மாதிரி. அவள் பாதையை விட்டு இறங்கவே இல்லை, அண்ணி. நாங்கள்தான் பாட்டிலை அழுத்திக் கடைசியில் கொஞ்சம் இறக்கிவிட்டோம்.

பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், இரண்டு வாரம் பார்ப்போம், தாய்ப்பாலே கொடுங்கள் என்றார். ஒரு மாதம் சரியாகக் கொடுக்காததில் பால் குறைந்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வைத்தேன். முதல் நான்கு நாள் அவள் என்னை நம்பவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு என் முகத்தையே பார்ப்பாள். ஐந்தாம் நாள் பிடித்தாள். நான் அழுததில் அவள் தலை நனைந்தது.

நேற்று எடை, ஆறு கிலோ நானூற்றெழுபது. நானே குனிந்து படித்தேன். முள் ஆடி நின்ற பிறகு.

உங்கள் தம்பி மிஷின் மேல் போட்ட துணியை எடுத்து மடித்து வைத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்கவில்லை. மிஷினுக்கு எண்ணெய் போட்டிருக்கிறார். எண்ணெய் போட்டது நான் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியில் ஒழுகிவிட்டது. அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான் போல.

உங்களைப் பற்றி. கம்பளி போட்டதற்குக் கோபம் இல்லை. குளிருகிற தொட்டியில் என் பிள்ளையைப் படுக்கவைக்க மனசு வராத ஆள் ஒருத்தி இருந்தாள் என்று நினைத்துக்கொள்கிறேன். கைப்பையில் மூன்று வாரம் வைத்திருந்தீர்களே, அந்தக் கோபம் இருக்கிறது. கொஞ்ச நாள் இருக்கும். போகும்போது சொல்கிறேன், அதற்கு முன்னால் போய்விட்டதா என்று கேட்காதீர்கள்.

மே மாதம் லீவு கிடைத்தால் வாருங்கள். அவளைத் தூக்கிக்கொள்ளலாம். தூக்கிப்பார்த்து இத்தனை கிலோ இருப்பாள் என்று மட்டும் சொல்லக் கூடாது.

புது வேலை என்ன என்று எழுதவில்லையே?

ஏப்ரல் 17

தையல்ராணிக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். ஆறு நானூற்றெழுபது என்கிற இடத்தை மறுபடியும் மறுபடியும் படித்தேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் கண்ணில் நின்றது.

கோபம் இருக்கட்டும். நியாயமான கோபம்தான், வைத்துக்கொள். கேட்கமாட்டேன். மே மாதம் வருகிறேன், வாயை மூடிக்கொண்டு தூக்குகிறேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நாற்பத்து மூன்று பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். நாற்பத்து மூன்றும் சரி. ஒரு அம்மாவுக்கு இரண்டு பஸ் மாறி வந்ததில் தலைவலி, ஒரு அம்மா என்னை முகத்துக்கு நேரே, "தராசுக்காரின்னு பேர் வேற," என்றாள். எனக்குத் திரும்பப் பதில் சொல்ல வரவில்லை. எனக்கு! நீ அங்கே வாயைத் திறந்தாய், நான் இங்கே மூடிக்கொண்டேன், ஒரே தபாலில் மாற்றிக்கொண்ட மாதிரி.

தராசு திரும்பக் கிடைக்கவில்லை. அந்த நர்சுப் பெண் நன்றாகத்தான் பார்க்கிறாள். நான் பக்கத்திலிருந்து குறை கண்டுபிடிக்கப் பார்க்கிறேன், அகப்பட மாட்டேன் என்கிறாள். எரிச்சலாக இருக்கிறது.

புது வேலை கேட்டாய். டாக்டரம்மா பிள்ளைகளின் காது, தொண்டை, பல் பார்க்கும்போது நான் டார்ச்சைப் பிடிக்கவேண்டும், பிள்ளை தலையை ஆட்டாமல் இன்னொரு கையால் பிடிக்கவேண்டும். எழுதுகிற வேலை கிடையாது. நேற்று மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒன்று வந்தது. தலையை நான்தான் பிடித்திருந்தேன். அது டாக்டரம்மாவின் வலது கை ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டது. கட்டுப் போட்டாயிற்று. பல் இருபதும் முளைத்திருக்கிறது, வயசுக்குச் சரி என்று டாக்டரம்மா இடது கையால் எழுதினார்.